சௌசௌப் பந்தல்

என் கிழவனுக்கு,

மெக்சிகோவில், நீ இருக்கும் தியுவானாவில் விடாத மழை என்று கேள்விப்பட்டேன். குடியேற்றப் போலீஸ் உன்னைப் பிடித்து எல்லைக்கு அந்தப் பக்கம் இறக்கிவிட்ட அன்று அந்த மெல்லிய சட்டையைத்தான் போட்டிருந்தாய்.

நம் தோட்டக் குடியிருப்பை இனி இடிக்க மாட்டார்கள். பழைமையான கட்டடம் என்று நகராட்சியே பாதுகாக்கப் போகிறது. இடித்திருந்தால், நாம் கொடுக்கும் வாடகைக்கு லாஸ் ஏஞ்சலிஸில் கார் நிறுத்தக்கூட இடம் கிடைத்திருக்காது. காலி செய்தால் பணம் தருவதாக உரிமையாளரின் ஆள் வந்து வந்து போனான். நான் கதவையே திறக்கவில்லை. உனக்குத் தெரிந்த விலாசம் இது ஒன்றுதானே.

நேற்று நகராட்சிப் பெண் ஒருத்தி வந்தாள். ஜன்னலோரம் நீ போட்ட சௌசௌப் பந்தலைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

"இது கட்டடத்தோட பழைய வரைபடத்துல இல்லீங்க. எடுத்துடணும்."

எதிர்வீட்டு எவுலாலியா சும்மா இருப்பாளா? "நாங்களுந்தான் அந்தப் படத்துல இல்ல. எங்களையும் எடுத்துடுவியா, கண்ணு?"

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். "சுவத்துல ஆணி அடிச்சதுதான் தப்பும்மா. தள்ளி, மண்ணுல கால் ஊனிப் போட்டுக்குங்க."

ஆணிகளை நானே பிடுங்கினேன். நீ அடித்தது ஒன்றுகூட நேராக இல்லை. கொடி இப்போது புல்லில் கிடக்கிறது. புதுப் பந்தல் போட மருமகனை அனுப்புவதாக எவுலாலியா சொன்னாள். வேண்டாம் என்றேன்.

"கொடி காஞ்சிடும்டீ."

காயாது. தினமும் தண்ணீர் ஊற்றுகிறேன்.

பந்தல் பலகைகளைத் துடைத்து, கட்டிலில் உன் பக்கம் அடுக்கி வைத்திருக்கிறேன். வெளியே போட்டால் மழையில் நனைந்துவிடுமே என்றுதான்.

இங்கே இன்னும் மழை வரவில்லை.

உன் கிழவி