கடைக்கு என் நம்பர்

மார்ச் 3

அன்புள்ள பிரேம்காரருக்கு,

நலமா? பெட்டியோடு படி இறங்கிய அன்று ஒன்றை மாற்றாமல் வந்துவிட்டேன். இணையத்தில் நம் போட்டோ பிரேம் கடைக்கு வரும் ஆர்டரெல்லாம் என் போனில்தான் விழும். என் நம்பரைக் கொடுத்துத்தானே தொடங்கினேன். கோபத்தில் மறந்துவிட்டேன் என்றால் நம்புவீர்களா? நானே நம்பவில்லை.

இரண்டு மாதமாக ஆர்டர் வர வர உங்களுக்கு அனுப்புகிறேன். "எட்டுக்குப் பத்து, கறுப்பு பிரேம், ஒன்று." நீங்கள் "சரி" என்பீர்கள். நமக்குள் பேச்சு அவ்வளவுதான். குடும்பம் நடத்த இது போதாது, கடை நடத்தவும் போதாது. நேற்று மதியம் கொஞ்சம் கண்ணயர்ந்தேன். அதற்குள் பதில் வராத கோபத்தில் ஒருவர் ஆர்டரையே ரத்து செய்துவிட்டார். இனி இப்படி நடக்கக் கூடாது. நம்பரை மாற்றிக்கொள்ளுங்கள். எப்படி என்று பின்பக்கம் எழுதியிருக்கிறேன்.

அம்மா வீட்டிலிருந்து,
நீங்கள் வைத்த பெயரில், மேனேஜரம்மா


மார்ச் 9

மேனேஜரம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. பின்பக்கத்தைப் பக்கத்துக் கடைச் சாவிக்காரர் படித்துவிட்டு, "அஞ்சு நிமிஷ வேலைண்ணே, போனைக் குடுங்க" என்றார். "உங்க பூட்டைப் பாருங்க" என்று அனுப்பிவிட்டேன்.

முன்பெல்லாம் யாராவது வருவார்களா என்று வாசலையே பார்த்துக்கொண்டிருப்பேன். இப்போது நிமிர நேரமில்லை. முதல் மாதம் பார்சலில் கண்ணாடி உடைந்து உடைந்து திரும்பி வந்தபோது, "போன்ல படம் காட்டி என் பொழப்பக் கெடுத்துட்ட" என்று உன்னிடம் கத்தினேன். நீ பெட்டியை எடுத்தாய். தப்பு போனில் இல்லை, நான் பார்சல் கட்டிய லட்சணத்தில். இப்போது பழைய ரப்பர் செருப்பை வெட்டி நாலு மூலைக்கும் கொடுத்துக் கட்டுகிறேன். ஒன்றும் உடைவதில்லை. பிரேமைவிடப் பார்சல் அழகு என்று வாங்கியவர் யாரோ எழுதியதை, ஒரு சிரிப்புப் பொம்மையோடு நீ போனில் அனுப்பியிருந்தாய். அந்தப் பொம்மையைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

நம்பர் மாற்றத் தெரியாமல் இல்லை. நீ கிளம்பிப் போன அந்த வாரமே கற்றுக்கொண்டேன். மாற்றினால் ஆர்டர் நேராக எனக்கு வரும். உன்னிடமிருந்து ஒன்றும் வராது. அதனால் நழுவுகிற ஆர்டர் நழுவட்டும்.

"சரி" மட்டுமே எழுதத் தெரிந்தவன்


மார்ச் 14

அன்புள்ள உங்களுக்கு,

ஆர்டர் நழுவட்டும் என்று எழுதுகிற வியாபாரியை என்ன செய்வது?

உங்கள் கடிதத்தைப் படித்துக்கொண்டிருந்தபோது அம்மா வந்து, "என்னடி எழுதியிருக்கார்?" என்றாள்.

"ரப்பர் செருப்பைப் பத்தி."

"அதுக்கா இந்த அழுகை?"

நீங்கள் மாற்றாததால் நானே மாற்ற உட்கார்ந்தேன். என் நம்பரை அழிக்கக் கை வரவில்லை. அதற்குக் கீழே இன்னொரு நம்பருக்கு இடம் இருந்தது. உங்களுடையதைப் போட்டிருக்கிறேன். இனி எந்த ஆர்டரும் நழுவாது. உங்களுக்கு எழுத மட்டும் எனக்குக் காரணம் இல்லாமல் போய்விட்டது.

உங்கள்,
மேனேஜரம்மா

மார்ச் 16, கடையில்: இதைத் தபாலில் போடவில்லை, கையிலேயே கொண்டுவந்தேன். நீங்கள் கண்ணாடி வெட்டிக்கொண்டிருந்தீர்கள். பெட்டியை மேசைக்கடியில் வைத்தேன். ஓர் ஆர்டர் வந்தது. இரண்டு போனும் ஒன்றாக அடித்தன.