அடித்துணி

ஹேஸ்பெர்க், நெப்ராஸ்கா
ஜூன் 3, 1996

வெர்ன்,

'அன்புள்ள' போடவில்லை. கவனித்திருப்பாய்.

இது தையல் மெஷின் விஷயம். வேறு எதுவும் இல்லை. போனில் கேட்டிருக்கலாம். உன் குரலுக்குப் பின்னால் அவள் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்கும். கடிதம் போதும்.

பிப்ரவரியில் ஜெனீஸ் தன் ஒட்டுப் போர்வையைத் தைக்கக் கொடுக்க வந்தாள். நீ நிலவறையில் மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாய். நான்தான் அவளை உனக்கு அறிமுகம் செய்தேன். காபியும் கொடுத்தேன். மார்ச்சில் நீ என்னை விட்டு அவளோடு போய்விட்டாய். போர்வை இங்கேயே கிடந்தது, வரிசையில். இப்போது அதன் முறை வந்துவிட்டது. நான் யாருடைய முறையையும் தாண்டிப் போனதில்லை.

மெஷின் உருளைகளில் ஏற்றினேன். மேலே ஒட்டுத்துணி, நடுவில் பஞ்சு, கீழே அவள் கொடுத்த அடித்துணி. மேலிருந்து பார்த்தால் அழகு. கீழே குனிந்து பார்த்தால் வளைவுகளில் நூல் சுருள் சுருளாக நிற்கிறது. நேர்கோட்டில் தையல் விட்டுவிட்டு விழுகிறது.

இதை அவள் மாவட்டக் கண்காட்சிக்குப் பதிந்திருக்கிறாள். அட்டையில் 'தைத்தவர்' என்ற இடத்தில் என் பெயர் வரும். நடுவர்கள் முதலில் அடிப்பக்கத்தைத்தான் புரட்டுவார்கள். தையல் இப்படி இருந்தால், ஆத்திரத்தில் கெடுத்துவிட்டாள் என்று ஊர் சொல்லும். தைக்காமல் திருப்பிக் கொடுத்தாலும் அதையேதான் சொல்லும். எனக்கு இந்த ஊரில் மிச்சம் இருப்பது என் தையல்தான்.

மெஷினைப் பார்த்துக்கொண்டது நீ. நீ ஒழுங்காகப் பார்த்துக்கொண்டது அதை மட்டும்தான். என்ன கோளாறு என்று எழுது.

மார்வா


டன்லோ
ஜூன் 7

அன்புள்ள மார்வா,

கடிதமும் கிடைத்தது, அர்ச்சனையும் கிடைத்தது.

முதலில் ஊசியை மாற்று. மழுங்கின ஊசியை நீ விடவே மாட்டாய். புது ஊசியின் நீளப் பள்ளம் உன் முகத்தைப் பார்த்து இருக்கட்டும். அடிநூல் பாபின் கூட்டைக் கழற்றிப் பஞ்சுத் தூசியை எடு. கூட்டை நூலில் தொங்கவிடு. மெதுவாக இறங்க வேண்டும். பொத்தென்று விழுந்தால் திருகைக் கொஞ்சம் முடுக்கு. மேல் நூலை முழுக்க உருவிவிட்டு மறுபடி கோர்.

உருளைகளை மத்தளம் மாதிரி இறுக்கியிருப்பாய். இறுக்கினால் ஊசி வளையும், தையல் தப்பும். துணிக்கு அடியிலிருந்து ஒரு விரலைத் தள்ளினால் மேலிருந்து அதைப் பிடிக்க முடிய வேண்டும். அவ்வளவு தளர்வு வேண்டும். நீ எதையும் தளரவிட்டவள் இல்லை.

ஜெனீஸ் உன்னை விசாரித்தாள்.

வெர்ன்


ஹேஸ்பெர்க்
ஜூன் 12

வெர்ன்,

உன் கடைசி வரியைக் கத்தரித்து அடுப்பில் போட்டேன். மீதியை மெஷின் மேல் ஒட்டியிருக்கிறேன்.

ஊசி புதிது. பள்ளம் என்னைத்தான் பார்க்கிறது. தூசி எடுத்தாயிற்று. கூடு மெதுவாக இறங்குகிறது. நூல் கோர்த்தாயிற்று. உருளையைத் தளர்த்தினேன். தளரவிடுவது எனக்குத் தெரியும். உன்னைத் தளரவிட்டேன், பார்த்தாய் அல்லவா.

எதுவும் மாறவில்லை.

ஞாயிறு சர்ச்சில் காபிக்கு உட்கார்ந்தேன். ஓபல் தட்டோடு பக்கத்தில் வந்தாள்.

"என்ன மார்வா, அவ போர்வைய ஊசியால தைக்கிறியா, கத்தியால தைக்கிறியா?"

மேசை முழுக்கச் சிரித்தது.

"உன் வாயத்தான் முதல்ல தைக்கணும் ஓபல். வரிசைல நில்லு. அடுத்த வருஷம் உன் முறை வரும்."

மறுபடி சிரித்தார்கள். என் கேக்கை நான் தொடவில்லை. வீட்டுக்கு வந்து முந்தின நாள் தைத்ததையெல்லாம் பிரித்தேன்.

வேறு என்ன?

மார்வா


டன்லோ
ஜூன் 17

அன்புள்ள மார்வா,

ஓபலுக்குச் சொன்னதை இரண்டு முறை படித்தேன். பழைய மார்வா.

மேல் நூலைப் பிடிக்கும் ஹூக்கின் டைமிங்கைத் தொடாதே. முதலில் போர்வையின் பக்கவாட்டில், ஜெனீஸின் துணி படாமல், பஞ்சின் மேலும் கீழும் உன் சொந்தக் காடாத்துணித் துண்டுகளை வைத்துத் தைத்துப் பார். அங்கே தையல் எப்படி விழுகிறது என்று எழுது. அவள் போர்வைக்குள் ஊசி இறங்கும்போது என்ன சத்தம் வருகிறது என்றும் எழுது.

இங்கே வெயில் அதிகம். எனக்கு வேலை அதிகம் இல்லை.

வெர்ன்


ஹேஸ்பெர்க்
ஜூன் 21

வெர்ன்,

என் துண்டில் தையல் முத்துமுத்தாக விழுகிறது. மேலும் கீழும் ஒன்றுபோல். ஒரு கை அகலம் நகர்ந்து அவள் போர்வைக்குள் போனால் மறுபடி அசிங்கம். அதே ஊசி, அதே நூல், அதே கை.

சத்தம்: டப், டப், டப். காகிதத்தைக் குத்துகிற மாதிரி.

ஆக மெஷினுக்கும் அவளைப் பிடிக்கவில்லை. அதற்காவது புத்தி இருக்கிறது.

உன் வேலை, உன் வெயில் எதையும் நான் கேட்கவில்லை.

மார்வா


டன்லோ
ஜூன் 26

என் அன்பு மார்வா,

அது படுக்கை விரிப்பு. ஓர மடிப்பைப் பிரித்து, துவைத்து, அடித்துணி என்று கொடுத்திருக்கிறாள். நெருக்கமான நெசவு. ஊசிக்கு இழைகளுக்கு நடுவே இடம் கிடைப்பதில்லை. இழையையே குத்தி உடைத்துக்கொண்டு போகிறது. அதுதான் டப். நூல் மேலே ஏற முடியாமல் அடியில் சுருள்கிறது.

யார் போர்வை வந்தாலும் அடித்துணியை விரல்களுக்கு நடுவே வைத்துக் கசக்கிப் பார்ப்பாய். இதைத் தொடவே இல்லை, இல்லையா? விரல் நுனியால் தூக்கி ஏற்றியிருப்பாய், செத்த எலியைத் தூக்குகிற மாதிரி. அவள் மேல் இருக்கும் இளக்காரம் உன் கண்ணை மறைத்துவிட்டது.

அவளைச் சொல்ல வேண்டும். சரியான கஞ்சத்தனம். நான் எவ்வளவோ சொன்னேன், நல்ல காடாத்துணி வாங்கு, மார்வா கண்டபடி தைக்கிறவள் இல்லை என்று. கேட்கிறாளா? தையலும் உன் கால்தூசி பெறாது. சில நாள் சாப்பாட்டு மேசையில் அவளைப் பார்க்கும்போது, நான் இங்கே என்ன செய்கிறேன் என்று தோன்றுகிறது.

மெஷினை ஒரு முறை முழுக்கச் சரிபார்ப்பது நல்லது. சனிக்கிழமை வரட்டுமா? ஒரு வார்த்தை எழுது. என் கருவிப்பெட்டி இன்னும் அங்கேதானே இருக்கிறது?

உன்
வெர்ன்


ஹேஸ்பெர்க்
ஜூலை 15

வெர்ன்,

நீ சொன்னது சரி. தொடவில்லை. உன் கடிதம் வந்த அன்று தொட்டேன். வழுவழுவென்று, குளிர்ச்சியாக, படுக்கை விரிப்பேதான். பார்வையில்லாதவர் தொட்டாலும் சொல்லிவிடுவார். நான் சொல்லவில்லை. அது என் தவறு. உன்னிடமிருந்து வந்த ஒரு நியாயமான வாக்கியம், வைத்துக்கொள்கிறேன்.

மூன்று சனிக்கிழமைகள் போய்விட்டன. உனக்கு எழுத ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தேன். 'வா' என்று எழுதினால் போதும். அதற்கு அவ்வளவு பெரிய தாள் எதற்கு என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அதையும் மறைக்கவில்லை.

எழுதுவதற்கு முன் போர்வையை இறக்கினேன். தையலை முழுக்கப் பிரித்தேன். பிரிக்கும்போது முதல் முறையாக மேல்துணியை உற்றுப் பார்த்தேன். நட்சத்திரங்கள். எட்டு முனைகளும் நடுவில் ஒரே புள்ளியில் சேர்கின்றன. ஒன்றுகூடப் பிசகவில்லை. எனக்கு அப்படி வராது. கால்தூசி என்று எழுதியிருந்தாய். உனக்குத் தையல் தெரியாது வெர்ன், மெஷின்தான் தெரியும்.

என் காடாத்துணியை அடியில் கொடுத்துத் தைத்தேன். அடிப்பக்கத்தையே மேலாக விரித்தாலும் யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

பிறகு அவளைக் கூப்பிட்டேன். நேற்று வந்தாள். கதவருகிலேயே நின்றாள். போர்வையைப் புரட்டினாள். அவளும் முதலில் அடியைத்தான் பார்த்தாள்.

"துணிய மாத்திட்டீங்களா?"

"பெட்ஷீட்ல நான் தைக்கிறதில்ல."

அவள் முகம் சிவந்துவிட்டது.

"நான் காடாத்துணி வாங்கி வெச்சிருந்தேங்க. கிறிஸ்துமஸுக்கே வாங்கிட்டேன். அப்பவே வெர்ன்தான் வேணாம்னாரு. 'இந்த ஷீட்டையே குடு, மார்வாவுக்கு வித்தியாசம் எங்க தெரியப்போவுது'ன்னாரு."

கிறிஸ்துமஸுக்கு.

பிப்ரவரியில்தான் நான் உனக்கு அவளை அறிமுகம் செய்தேன். நீ எண்ணெய்க் கையைத் துடைத்துவிட்டு, "வணக்கம் மேடம், காபி நல்லா போடுவா எங்க மார்வா" என்றாய். அப்போதே அந்த விரிப்பு எந்தக் கட்டிலில் கிடந்தது என்று உனக்குத் தெரியும். அதை என் மெஷினில் ஏற்றி, என் கையாலேயே தைக்கவைத்து, கண்காட்சியில் என் பெயரோடு தொங்கவிடுவதாக இருந்தாய். தையல் கெட்டதும் மூன்று வாரம் எனக்கு ஊசியின் பள்ளம் பற்றிப் பாடம் எடுத்தாய்.

கடந்த மாதங்களில் நான் வெறுத்ததெல்லாம் அவளைத்தான். உன்னை ஒரு பலவீனமான ஆளாக நினைத்தேன், அவ்வளவுதான். எத்தனை உழைப்பு வீண்.

உன் கடைசிக் கடிதத்தை அவளிடம் கொடுத்தேன். நின்றபடியே படித்தாள். கஞ்சத்தனம் வந்த இடத்தில் உதட்டைக் கடித்தாள். சாப்பாட்டு மேசை வந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டாள். காபி போட்டேன். குடித்தாள்.

"இத நான் வெச்சுக்கட்டுமா?"

"வெச்சுக்கங்க."

"நான் இன்னைக்கு அங்க திரும்பணுமான்னு தெரியல."

"எனக்கும் தெரியல. ஆனா கண்காட்சிக்குப் போங்க. அந்த நட்சத்திர முனைங்கள நாலு பேரு பாக்கணும்."

போனாள். எங்கே என்று நான் கேட்கவில்லை.

சனிக்கிழமை வராதே. எந்தக் கிழமையும் வராதே. உன் கருவிப்பெட்டி இங்கேதான் இருக்கும். எனக்கு அது தேவை. ஹூக்கின் டைமிங்கைச் சரிபார்க்க நேற்றிரவு படித்துக்கொண்டேன். நீ பயமுறுத்திய அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை.

விரிப்பை அவள் வேண்டாம் என்றுவிட்டாள். துவைத்து, இஸ்திரி போட்டு, இத்துடன் உனக்கு அனுப்புகிறேன். என் தையலைப் பிரித்த இடமெல்லாம் துளையாக இருக்கும். காடாத்துணி என்றால் ஒரு முறை துவைத்தால் மூடிவிடும். இந்த நெசவில் மூடாது. போர்த்திப் படு.

மார்வா