கதவு மணிக்குத் திரும்புகிறவள்

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நலம். நீயும் உன் காப்பகத்து வாண்டுகளும் நலமா? ஊரார் பிள்ளைகளை இருபது வருஷமாக மேய்க்கிறவளுக்குத் தங்கை பிள்ளையைப் பற்றி ஒரு வரி கேட்கத் தோன்றவில்லை பார். நானே எழுதுகிறேன்.

சிட்டு பிடிக்காமல் நிற்கிறாள். தடுமாறினால் பிடித்துக்கொள்ளக் கரியனின் முதுகு இருக்கிறது. அவள் மறுபடி உட்காரும் வரை அந்த நாய் அசைவதில்லை. என் வீட்டுக்காரருக்குக்கூட அவ்வளவு பொறுமை கிடையாது. நான் தையல் மிஷினைக் கடகடவென்று ஓட்டினாலும் என் காலடியிலேயே சிட்டு தூங்குகிறாள். எதிர்வீட்டுக்காரிக்குப் பொறாமை.

ஒரே குறை, பேச்சு வரவில்லை. ஒன்றேகால் வயதாகிறது. அந்தப் பெரிய மூளைக்காய்ச்சலுக்கு முன்னால் 'பப்பா, பப்பா' என்று ஓயாமல் உளறுவாள். இப்போது அதுவும் நின்றுவிட்டது. காதைச் சோதிக்க வேண்டும், மறுபடி வாருங்கள் என்று ஆஸ்பத்திரியில் அப்போதே சொன்னார்கள். போகலாம் என்று அவர் நச்சரிக்கிறார். காதுக்கு என்ன வந்தது? கதவு மணி அடித்தால் அவளும் கரியனும் ஒன்றாகத்தான் திரும்புகிறார்கள். நான் தமிழில் பேசுகிறேன், அவர் அவருடைய பாஷையில் பேசுகிறார். அதில்தான் குழந்தை குழம்புகிறதோ என்று எனக்குச் சந்தேகம். நீ என்ன சொல்கிறாயோ அப்படியே செய்கிறேன்.

உன் தங்கை


ஜனவரி 30

அன்புத் தங்கச்சிக்கு,

ஒரு கையில் பால் புட்டி, மறு கையில் உன் கடிதம். இப்படித்தான் படித்தேன், கோபித்துக்கொள்ளாதே.

நீ சந்தேகப்பட்டது சரி. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்றால் பிள்ளை எப்படி நடக்கும்? இங்கேயும் இரண்டு பாஷை வீட்டுப் பிள்ளைகள் வருகிறார்கள். எல்லாருமே தாமதமாகத்தான் வாய் திறந்தார்கள். திறந்த பிறகு மூடவே இல்லை, அது வேறு கதை. ஒரு பாஷையை நிறுத்து. அவள் வளரப்போவது அங்கே. ஆகவே நிறுத்த வேண்டியது நம்முடையதைத்தான். எழுதும்போது எனக்கே கசக்கிறது, ஆனாலும் வீட்டுக்குள் ஒரு சொல் தமிழ் கூடாது. என்னோடு போனில்கூடப் பேசாதே, பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பாள். ஆசை வந்தால் எழுது.

சோதனை கீதனை ஒன்றும் வேண்டாம். மணிக்குத் திரும்புகிற குழந்தைக்கு அது எதற்கு? ஆஸ்பத்திரிக்காரர்கள் ஏதாவது ஒரு வியாதிப் பெயரைச் சூட்டிவிட்டால் அது காலத்துக்கும் ஒட்டிக்கொள்ளும். மாப்பிள்ளையிடம் நான் சொன்னதாகச் சொல். இன்னொன்று: சிட்டுவின் முதல் வார்த்தை என்னவென்று எனக்குத்தான் முதலில் எழுத வேண்டும்.

அக்கா


ஜூலை 17

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சொன்னபடியே நடக்கிறது. இந்தப் பாஷையில் எனக்கு விலை பேசத் தெரியும், இடுப்பளவு கேட்கத் தெரியும், கொஞ்சத் தெரியாது. பெற்ற பிள்ளையிடம் தையல்காரி வாடிக்கைக்காரியிடம் பேசுகிற மாதிரி பேசுகிறேன். குளிப்பாட்டும்போது 'கையக் குடுடி தங்கம்' என்று வாய்வரை வரும், விழுங்கிவிடுவேன். ஒரு நாள் வாய் தவறிவிட்டது. அன்றைக்கு முழுக்க அழுகையாக வந்தது.

அப்படியும் பேச்சு வரவில்லை. போன வாரம் கரியன் செத்துப்போனான். கிழவன்தான், ஆனாலும் தாங்கவில்லை. காலையில் கதவோரம் விறைத்துக் கிடந்தான். சிட்டு வழக்கம்போல அவன் முதுகைப் பிடித்து எழுந்திருக்கப் பார்த்தாள்.

அதிலிருந்து மணி அடித்தால் அவள் திரும்புவதில்லை. அவர் பஸ் ஓட்டிவிட்டு வந்து, பின்னால் நின்று கூப்பிட்டாலும் திரும்புவதில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அவர் மறுபடியும் ஆரம்பித்திருக்கிறார். போகட்டுமா?

உன் தங்கை


ஆகஸ்ட் 2

அன்புத் தங்கச்சிக்கு,

கரியனை நினைத்து நானும் அழுதேன். சிட்டுவுக்கு அது ஏக்கமடி, வேறொன்றுமில்லை. இங்கே ஒரு குட்டிப்பெண் அவள் அப்பா வேலைக்காக வெளியூர் போனதும் யார் கூப்பிட்டாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இப்போது என் தலைமேல் ஏறி ஆடுகிறாள்.

உடனே ஒரு நாய்க்குட்டி வாங்கிக் கொடு. தமிழை மட்டும் திரும்ப ஆரம்பித்துவிடாதே. இவ்வளவு நாள் பட்டதெல்லாம் வீணாகிவிடும். பதறாத காரியம் சிதறாது. மாப்பிள்ளை பயந்தவர், அவர் பேச்சைக் கேட்டு நீயும் ஓடாதே.

அக்கா


அக்டோபர் 21

அக்காவுக்கு,

நாய்க்குட்டி வாங்கினோம். அது வந்த மறுநாள் யாரோ மணி அடித்தார்கள். குட்டி மிரண்டு மேசைக்கு அடியில் ஓடியது. சிட்டு திரும்பினாள், மேசைப் பக்கம். கதவுப் பக்கம் பார்க்கவே இல்லை.

குட்டியைக் குளியலறையில் அடைத்துவிட்டு, இரண்டு பாத்திர மூடிகளை எடுத்துவந்து அவள் பிடரிக்குப் பின்னால் ஓங்கி அடித்தேன். எதிர்வீட்டுக்காரி கதவைத் திறந்துகொண்டு ஓடிவந்தாள். சிட்டு பொம்மையின் காலைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாளே ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அவளுக்குக் காது கேட்கவில்லை. அந்தக் காய்ச்சல் கொண்டுபோய்விட்டது. அதற்குப் பிறகு நாம் பார்த்ததெல்லாம், கரியன் திரும்பிய பக்கம் அவள் திரும்பியதுதான். காய்ச்சல் விட்ட கையோடு வந்திருந்தால் காதுக்குள் கருவி பொருத்தியிருக்கலாமாம். இப்போது அந்தக் காய்ச்சலால் உள்ளே எலும்பு வளர்ந்து இரண்டு பக்கமும் அடைத்துவிட்டது. டாக்டர் திட்டவில்லை. வரச் சொன்னோமே, ஏன் வரவில்லை என்று மட்டும் கேட்டார். சிட்டுவின் அப்பா என்னைப் பார்த்தார். 'என் அக்கா வேண்டாமென்றாள்' என்று அந்தப் பாஷையில் சொல்ல எனக்குத் தெரியும். சொல்லவில்லை.

உன்மேல் கோபமில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். பொய் எழுத வரவில்லை. மணிக்குத் திரும்புகிறாள் என்று உனக்கு எழுதியவளே நான்தான், அதையும் மறக்கவில்லை. கோபம் மட்டும் போகமாட்டேன் என்கிறது.

வரும் வழியில் பஸ்ஸில் அவர் எனக்கு மட்டும் கேட்கும்படி, 'இனிமே நீ பேசு' என்றார். தமிழில். அவருக்கு என்னிடமிருந்து ஒட்டிக்கொண்ட நாலைந்து சொற்களில் அவ்வளவுதான் தேறியது. அன்றிலிருந்து நாள் முழுக்கப் பேசுகிறேன். இனிமேல் யார் குழம்பப் போகிறார்கள்? 'கையக் குடுடி தங்கம், தலையக் குனிடி ராசாத்தி' என்று வாய் ஓயாமல் பேசுகிறேன். அவள் என் தொண்டையில் கையை வைத்துக்கொண்டு என் வாயையே பார்க்கிறாள்.

மூன்று பேரும் சைகைப் பாஷை படிக்கிறோம். ஸ்டியரிங் பிடித்த அவர் விரல்கள் வளையமாட்டேன் என்கின்றன. அவளுக்குச் சுலபமாக வருகிறது.

முதல் வார்த்தையை உனக்குத்தான் முதலில் எழுத வேண்டும் என்றாய். போன செவ்வாய்க்கிழமை, கதவோரம் கரியன் கிடந்த இடத்தில் நின்றுகொண்டு, கையால் சொல்லிவிட்டாள். என்ன சொன்னாள் என்று உனக்கு எழுதப்போவதில்லை. அது எங்கள் வீட்டோடு இருக்கட்டும். நீயும் இனி எழுத வேண்டாம்.

சிட்டுவின் அம்மா