மூன்று சட்டை போட்ட பயணி

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அப்பா மாத்திரையை மறக்காமல் போடுகிறாரா? என் மகன் உங்கள் இருவரையும் பாடாய்ப் படுத்துகிறானா? எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை.

விமான நிலையத்தில் பயணிகளின் பெட்டிக்கு பிளாஸ்டிக் தாள் சுற்றுகிறேன் அல்லவா, நேற்று ஊருக்குத் திரும்பும் கொத்தனார் ஒருவர் வந்தார். பெட்டி எடை கூடிவிட்டது. திறந்தால் டோப்லரோன், ஸ்நிக்கர்ஸ், கிட்காட், ஃபெரேரோ ரோஷே என்று ஒரு கடையே இருந்தது.

"அண்ணே, இதுல பாதியை எடுத்துடுங்க" என்றேன்.

மனிதர் சாக்லேட்டைத் தொடவே இல்லை. துணிகளை எடுத்து, மூன்று சட்டையை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு பூசணிக்காய் மாதிரி நின்றார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"பிள்ளைக்கு என்ன வயசுண்ணே?"

"நான் கிளம்பினப்ப நாலு. இப்ப காலேஜ் போறா. அவளுக்கு எது பிடிக்கும்னு தெரியல தங்கச்சி. அதான் எல்லாத்துலயும் வாங்கிட்டேன்."

அப்போதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. சாப்பிட உட்கார்ந்தேன், பாதியில் எழுந்து மேற்பார்வையாளரிடம் விடுப்புக் கேட்டேன். "பார்க்கலாம்மா" என்றார். நான் நகரவில்லை. கடைசியில், அடுத்த மாதக் கடைசி வாரம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

நான் வருவதை என் மகனிடம் இப்போது சொல்லாதீர்கள். அவன் பாதத்தைத் தாளில் வைத்து வரைந்து அனுப்புங்கள், செருப்பு வாங்க வேண்டும். எந்தச் சாக்லேட் பிடிக்கும் என்று சும்மா கேட்பது போலக் கேளுங்கள். இனிப்பே பிடிக்காது என்று சொன்னாலும் மறைக்காமல் எழுதுங்கள்.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது.

உங்கள் மகள்