கேனில் இருந்தது போர் தண்ணீர்

இன்று காலை டீ போட எடுத்த பாத்திரத்தின் அடியில் வெள்ளையாக உப்புப் படிந்திருந்தது. நாமக்கல்லில் எந்த வீட்டில்தான் இல்லை? எனக்கு மட்டும் உன் உதட்டிலிருந்து கொட்டிய ரத்தம் ஞாபகம் வந்தது. பாத்திரத்தைத் தூக்கிச் சுவரில் அடித்தேன். இந்தப் பாழாய்ப்போன கோபம் இன்னும் என்னை விடவில்லை.

கல்லூரி ஆய்வுக்கூடத்தில் நம் இருவருக்கும் ஒரே மேசை. கரித்தூள் மாதிரி இருக்கும் கார்பன் நானோகுழாய்களைத் தண்ணீரில் பிரித்துக் கலக்குவதுதான் வேலை. அவை ஒன்றையொன்று கட்டிக்கொண்டு விடவே விடாது. சோப்புக் கரைசலில் போட்டு, மீயொலிக் கருவியின் கம்பியை உள்ளே இறக்கினால், காதைக் கிழிக்கும் சத்தத்தோடு அடித்துப் பிய்க்கும். லாரி பாடி கட்டும் பட்டறையில் வளர்ந்த எனக்கு அந்த அடி பிடிக்கும். முழு வேகத்தில் வைப்பேன். நீ வந்து குறைப்பாய். "அடிச்சா பிரியும்டா. ஆனா துண்டு துண்டாப் போயிரும். பிரிஞ்சதைய சோப்பு போய்ப் புடிச்சுக்கோணும், அதுக்கு நேரங்குடு" என்பாய்.

ஒரு மாதம் உழைத்து, மை மாதிரி, கட்டியே இல்லாமல் ஒரு கரைசல் செய்தோம். மறுநாள் பேராசிரியர் பார்க்க வேண்டும். அளவு போதவில்லை என்று நான்தான் கேனிலிருந்து தண்ணீர் சேர்த்தேன். மதியம் வந்து பார்த்தால் எல்லாம் திரிந்து அடியில் கிடந்தது. கேனில் வாலைவடிநீர், அதாவது உப்பில்லாத டிஸ்டில்டு வாட்டர், நிரப்பி வைப்பது உன் பொறுப்பு.

"என்னத்தடா புடிச்சு வெச்ச?"

"நான் சரியாத்தான்டா வெச்சேன்."

வாயிலேயே குத்தினேன். ஸ்டூலோடு விழுந்த உன்னை விலாவில் மிதித்தேன். நீ கை ஓங்கவே இல்லை. பேராசிரியரிடம் நீதான் கெடுத்தாய் என்றேன். அவர் விசாரிக்காமலேயே உன்னை வெளியே அனுப்பினார்.

மூன்றாம் நாள் அந்தக் கேன் காய்ந்து கிடந்தது. உள்ளே வெள்ளை உப்பு. அப்போதுதான் உறைத்தது. அன்று காலை கருவியின் குளிர்த்தொட்டிக்கு ஊற்ற, வடிநீரைக் கொட்டிவிட்டு, அதே கேனில் உப்பான போர் தண்ணீர் பிடித்தவன் நான்; பிடித்ததை மறந்தவனும் நான். அந்தத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது என்று துணி துவைக்கிற எல்லோருக்கும் தெரியும். சோப்பு செத்தால் குழாய்கள் மறுபடி ஒட்டிக்கொள்ளும். கேனைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, வாயை மூடிக்கொண்டேன்.

இரண்டே மாதத்தில் பைபாஸில் ஒரு டேங்கர் லாரி உன் பைக்கை அடித்துப் போட்டது. நீ அங்கேயே போய்விட்டாய்.

இன்று பாத்திரத்தை வீசிய கையோடு உன் ஊர் ஆட்டையாம்பட்டிக்குப் போனேன். உன் அப்பா தறியை நிறுத்திவிட்டு வந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பார் என்று நின்றேன். அடிக்க வேண்டும் என்றுதான் நின்றேன்.

"அவன வெளிய அனுப்புன அடுத்த வாரம் வாத்தியாரு போன் பண்ணி, உங்க பையன்தான் கெடுத்தான்னாரு. நான் பண்ணலீங்கப்பான்னு கால்ல உழுந்தான் சாமி. நம்பல. கையில கெடச்ச கட்டையால அடிச்சுப்புட்டேன்" என்று சொல்லித் தன் கன்னத்திலேயே மாறி மாறி அறைந்துகொண்டார். என்னால் தடுக்க முடியவில்லை.

அடுத்த வாரம் என்றாரடா. அதற்குள் எனக்கு உண்மை தெரிந்து நான்கைந்து நாள் ஆகியிருந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த அடியாவது உன்மேல் விழுந்திருக்காது.