ஆறு பெட்ராக்கள்

2025 பெப்ரவரி 11, செவ்வாய்

ஐம்பத்து மூன்று வயதில் கள்ளி என்று பேர் எடுத்திருக்கிறேன். பழங்கால ஊர்ப்பெயர்கள் பற்றிய என் கட்டுரையைக் கணினிதான் எழுதியதாம். பல்கலைக்கழகத்து மென்பொருள் சொல்கிறது, விரிவுரையாளர் றொனால்ட் நம்புகிறார். ஒப்புக்கொண்டால் திருப்பி எழுதலாம். மறுத்தால் விசாரணை.

கொம்பியூட்டரோ எழுதினது? பாண் சுடுற பக்டரியில் இடைவேளைக்கு இடைவேளை, மாப் படிந்த கையோடு மூண்டு மாசம் குந்தியிருந்து எழுதினது ஆர்?

பெப்ரவரி 12

மகள் துவாரகா: "அம்மா, சொறி எண்டு சொல்லிப்போட்டுத் திருப்பி எழுதுங்கோவன். படிப்பால தூக்கிப்போடுவாங்கள்."

"செய்யாததுக்கு ஏன் பிள்ளை சொறி?"

பயம் எனக்கும் இருக்கிறது. அவளிடம் சொல்லவில்லை.

பெப்ரவரி 14

மறுத்து எழுதிக் கொடுத்துவிட்டேன்.

பெப்ரவரி 19

மல்வேர்ன் தரிப்பில் பஸ்ஸுக்கு நின்றபடி, விசாரணையில் சொல்லப்போவதைச் சொல்லிப் பார்த்தேன். கிரேக்கத்தில் பெட்ரா என்றால் பாறை. யோர்தானில் இருப்பதை உலகமே அறியும். சிசிலியில் ஒன்று, கருங்கடல் கரையில் ஒன்று, கொரிந்துப் பக்கம் ஒன்று, ஒலிம்பஸ் மலையடியில் ஒன்று, அட்ரியாட்டிக் கரையில் ஒன்று. படமெடுக்க ஒருவரும் போகாத இந்த ஐந்துக்காகத்தான் எழுதினேன். பாறையைக் கண்டார்கள், பாறை என்றே பேர் வைத்தார்கள். அந்தச் சனத்தை எனக்குப் பிடித்துப் போயிற்று.

பெப்ரவரி 26, புதன்

விசாரணை. றொனால்டோடு இன்னும் இரண்டு பேர். மேசையில் என் கையெழுத்துக் கொப்பிகள் மூன்றைப் போட்டேன். முழுக்கத் தமிழ். நான் தமிழில் எழுதித்தான் பிறகு ஆங்கிலத்துக்கு மாற்றுவேன். அவர்களுக்கு ஒரு எழுத்தும் விளங்கவில்லை.

"எந்தப் பக்கத்தையாவது திறவுங்கள், வாசித்துச் சொல்கிறேன்" என்றேன்.

றொனால்ட் திறந்தது என் வரைபடம். கருங்கடல் பெட்ராவை வடகரையில் போட்டிருந்தேன். பிறகு சிவப்பால் வெட்டிக் கிழக்குக் கரைக்கு மாற்றி, 'விசரி, ஒழுங்காய்ப் பார்' என்று என்னையே ஏசியிருந்தேன். அதையும் மொழிபெயர்த்தேன். ஒருவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

மார்ச் 5

குற்றச்சாட்டு தள்ளுபடி. 82 புள்ளிகள். கடிதத்தில் மன்னிப்பு என்ற சொல் இல்லை. இரண்டு தரம் தேடினேன்.

மார்ச் 18

அடுத்த வகுப்புக்குக் காட்ட என் வரைபடத்தை றொனால்ட் கேட்கிறார்.

தரலாம் என்று எழுதினேன். முதலில் மன்னிப்பு, எழுத்தில். வரைபடத்தின் கீழே என் பெயர், முழுதாக.

"அம்மா, உங்களுக்கு விசரோ?" என்றாள் துவாரகா.

"ஓம்" என்றேன்.

மார்ச் 20

வந்தது. இரண்டே வரி.

வரைபடத்தை அனுப்பினேன். சிவப்பு வெட்டை அழிக்கவில்லை. கீழே, தமிழில்: சந்திரவதனா சண்முகநாதன்.