சர்ச் திடலில் விரித்த பாவு

இன்று காலை எதிர்வீட்டுக்காரர்கள் தெருவில் தறிக்கான பட்டுப் பாவு விரித்துக் கஞ்சி தெளித்தார்கள். அந்த அரிசிக் கஞ்சி வாசனை வந்ததும் எனக்கு வேலை ஓடவில்லை. நீ கண்மூடியபின் ஒரு மழைக்காலமும் முடிந்துவிட்டது. உன் வீட்டுக்குள் இந்த முறையும் தண்ணீர் வரவில்லை.

முன்பெல்லாம் வரும். எங்கள் தெருச் சாக்கடை நேராக உங்கள் காலனியில்தான் போய் நின்றது. உன் மகளிர் குழுவும் என் குழுவும் நகராட்சிக்கு நடையாய் நடந்து கால்வாய்க்குச் சம்மதம் வாங்கினோம். தெருவை இரண்டு மாதம் தோண்ட வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள் தெருக்காரர்கள் கடிதம் கொடுக்காவிட்டால் வேலை வேறு வார்டுக்குப் போய்விடும் என்றார் இன்ஜினியர்.

கூட்டத்தில் எங்கள் ஆண்கள் குதித்தார்கள். பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிக் கஞ்சி போடாமல் தறியில் ஏற்ற முடியாது.

"ரெண்டு மாசம் பாவ எங்கமா போடறது?"

நீ எழுந்தாய். "எங்க சர்ச் முன்னாடி நீளமா எடம் இருக்குது. அங்க வந்து போடுங்க."

"ஆடு திரியற எடம்பா அது," என்றார் என் கொழுந்தன். விஷயம் ஆடு இல்லை என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். நீ என்னைப் பார்த்தாய். குழுத் தலைவியான நான், "கேட்டுச் சொல்றோம்" என்றேன்.

"யாரக் கேக்கப்போற?" என்றாய்.

நாம் முதலில் போட்டுக் காட்டினால்தான் மற்றவர்கள் கையெழுத்துப் போடுவார்கள் என்று அன்றிரவு வீட்டுக்காரரிடம் சொன்னேன். வியாழன் விடியலில் நானும் அவரும் பாவைச் சுமந்துகொண்டு சர்ச் திடலுக்கு வந்தோம். எங்கள் தெருவில் ஒருவரும் கூட வரவில்லை.

நீ திடலைப் பெருக்கி, ஆடுகளைக் கட்டிப்போட்டிருந்தாய். பாவை விரித்துக் கஞ்சியும் தெளித்தாயிற்று. வெயில் ஏறினால் இழைகள் ஒட்டிக்கொள்ளும். பிரித்துவிட இரண்டு பேர் போதாது. நீயும் உன் குழுப் பெண்கள் நால்வரும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றீர்கள்.

"என்னா பாத்துக்கினு நிக்கிறீங்க?" என்றேன் எரிச்சலோடு.

"தொடுன்னு நீ சொல்லு. சொன்னாதான் தொடுவோம்."

ஒரே ஒரு சொல். அதற்கு எனக்கு ஏன் அவ்வளவு நேரம் ஆனது? மறுமுனையிலிருந்து வீட்டுக்காரர் என்னையே பார்த்தார். இழை காய்ந்துகொண்டிருந்தது. "தொடுங்கமா," என்றேன். குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. உனக்குக் கேட்டது.

பாவு பழுதில்லாமல் தறி ஏறியது. மறுநாள் கொழுந்தன் தன் பாவோடு திடலுக்கு வந்தார். கடிதத்தில் முதல் கையெழுத்தும் அவருடையதுதான்.

நான் தயங்கியதைப் பற்றி நீ அப்புறம் ஒருநாளும் பேசவில்லை. நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும், கேட்காமலே விட்டுவிட்டேன். இப்போதும் ஏதாவது கூட்டத்தில் "கேட்டுச் சொல்றோம்" என்பது வாய் வரை வந்துவிடுகிறது. உடனே, பின்னால் கட்டிய உன் கைகள் தெரிகின்றன. என் பதிலை அங்கேயே சொல்லிவிடுகிறேன்.